மருந்தின் அளவும் சுடுகலத்தின் எல்லையும்

அளவறிந்து இடுதல் என்பது அடுக்களையிலும் மருந்தகத்திலும் நாம் நாடோறும் காணும் ஒழுங்கு. கறியில் உப்பு மிகுந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். வண்டியிற் பாரம் மிகுந்தால் அச்சு முனகும், மாடு தயங்கும். வண்டிக்காரன் இரண்டு மூடைகளை இறக்கிவைத்துத் தப்பிக்கொள்வான். இவ்வாறு மிகுதி தன்னைத் தானே அறிவிக்கும் இடங்களில் அனுபவமே போதிய ஆசானாகும். ஆனால், மிகுதியானது முன்னறிவிப்பின்றி வந்து, வந்த கணத்திலேயே கேடும் விளைத்து முடிந்துவிடும் துறைகளும் சில உள. அங்கே கையும் கண்ணும் போதா. கருவியும் கணக்குமே துணையாவன. கைத்துப்பாக்கித் தோட்டாவில் இடுதற்குரிய வெடிமருந்தின் அளவைத் தெரிந்துகொள்ளுதல் அத்தகைய துறைகளுள் ஒன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே இலக்குச் சுடுதலை விளையாட்டாகக் கொண்டோர் பலர், தாம் சுட்ட தோட்டாக்களின் வெற்றுக்கோதுகளைப் பொறுக்கியெடுத்து, வீட்டிலேயே மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துகின்றனர். பித்தளைக்கோது விலைகூடிய உறுப்பாகவும், பலமுறை பயன்படத்தக்கதாகவும் இருத்தலால் இதனாற் செலவு குறைகின்றது. தத்தம் துப்பாக்கிக்கு இசைந்த தோட்டாவை ஆக்கிக்கொள்ளும் வாய்ப்பும் கிட்டுகின்றது. 1884ஆம் ஆண்டிலே யோன் பார்லோ என்பார் இதற்குரிய கருவிகளைச் செய்வதற்கு ‘ஐடியல்’ என்னும் தொழிலகத்தை நிறுவினார். 1937இல் பிலிப் ஷார்ப் என்பார் இத்துறை முழுவதையும் தழுவிய பெருநூலொன்றை வெளியிட்டார். இன்றும் இப்பழக்கம் அந்நாட்டிற் பரந்து காணப்படுகின்றது.

இக்கட்டுரை எவரையும் அத்தொழிலிற் புகுத்துதற்கு எழுந்ததன்று. “எவ்வளவு மருந்து இட்டால் தீங்கில்லை?” என்னும் எளிய வினாவுக்கு விடை காண மனிதர் எவ்வாறு முயன்றனர், கண்ட விடை எத்தன்மையது என்பவற்றை விளக்குதலே இதன் நோக்கம். பௌதிகம் பயிலும் மாணவர் வாயுக்களின் இயல்பைப் பரிசோதனைச்சாலையிலே அமைதியாக நிகழக் காண்பர். அதே இயல்பு ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்குக்குள் நிகழுமாயின் யாது விளையும் என்பதை ஈண்டுக் காணலாம்.

தோட்டாவின் அமைப்பு

கைத்துப்பாக்கித் தோட்டா நான்கு உறுப்புக்களை உடையது. முதலாவது, பித்தளைக்கோது. இரண்டாவது, அதன் அடியிற் பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணமாகிய தீமூட்டி. துப்பாக்கியின் ஊசி இதனைத் தட்டும்போது இதனுள் இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். மூன்றாவது, கோதினுள் இருக்கும் வெடிமருந்து. நான்காவது, கோதின் வாயை அடைத்து நிற்கும் குண்டு.

இவற்றுள் வெடிமருந்தின் நிறை மிகச் சிறிது. அதனைக் ‘கிறெயின்’ என்னும் அலகினால் நிறுப்பர். 7,000 கிறெயின் கொண்டது ஓர் இறாத்தல். ஒரு கிறெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். நம் பொற்கொல்லர் பண்டு பொன் நிறுக்கப் பயன்படுத்திய குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிறெயின் நிறையுள்ளது. சிறிய கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் உள்ள மருந்து இரண்டு மூன்று குன்றிமணி நிறைக்கு மேற்படாது. ஆகவே, இத்துறையிலே “சிறிது கூடிற்று” என்று கூறுவது பொற்கொல்லன் தராசிலே “சிறிது கூடிற்று” என்று கூறுவதற்கு ஒப்பாகும். அச்சிறிது உண்மையிற் சிறிதன்று.

அமுக்கம் பிறக்குமாறு

வெடிமருந்து எரியும்போது வெப்பமிகுந்த வாயுவாக மாறுகின்றது. அவ்வாயு விரிதற்கு இடம் தேடிக் கோதின் சுவரையும் அடியையும் குண்டையும் ஒருங்கே அமுக்குகின்றது. கோதின் சுவர் துப்பாக்கியின் உருக்கு அறையிலே சாய்ந்து நிற்கின்றது; அசையத்தக்கது குண்டு ஒன்றே. அது குழல்வழியே ஓடுகின்றது.

இதுவரை எளிது. ஆனால் இக்கால வெடிமருந்துக்கு ஓர் இயல்பு உண்டு. அமுக்கம் கூடக்கூட அது விரைந்து எரியும். திறந்த தட்டிலே இட்டுக் கொளுத்தினால் வெடிக்காது சுவாலைவிட்டு எரிந்தடங்கும் மருந்து, மூடிய கோதினுள்ளே கணப்பொழுதில் எரிந்து முடிகின்றது. எரிதலால் வாயு பிறக்கின்றது. வாயுவினால் அமுக்கம் உயர்கின்றது. அமுக்கத்தினால் எரிதல் விரைகின்றது. விரைந்த எரிதலால் மேலும் வாயு பிறக்கின்றது. இவ்வட்டத்தைத் தளர்த்துவது ஒன்றே ஒன்று. குண்டு முன்னே நகர்ந்து வாயுவுக்கு இடம் விடுதல். எனவே துப்பாக்கியின் உள்ளே நிகழ்வது ஓர் ஓட்டப்பந்தயம் எனலாம். ஒருபுறம் வாயு பெருகுகின்றது; மறுபுறம் இடம் பெருகுகின்றது. இடம் முந்தினால் அமுக்கம் எல்லைக்குள் நின்று தாழும். வாயு முந்தினால் உருக்கு பிளக்கும்.

இப்பந்தயத்தின் முடிவை மருந்தின் நிறை மாத்திரம் தீர்மானிப்பதில்லை என்பது இதனாற் பெறப்படும். பாரமான குண்டு தாமதித்தே நகரும். ஆதலால் அதே மருந்து கூடிய அமுக்கத்தைத் தரும். குண்டைக் கோதினுள்ளே அதிக ஆழத்திற் பொருத்தினால் மருந்துக்குரிய இடம் சுருங்கும். சிறிய கோதுகளில் ஓர் அங்குலத்தின் நூறிற் சில பங்கு ஆழமே அமுக்கத்தைப் பெரிதும் உயர்த்தப் போதியது. கோதின் சுவர் தடித்ததாயின் உள்ளிடம் குறையும். தீமூட்டி வலியதாயின் எரிதல் விரைவாகத் தொடங்கும். சில மருந்துகள் வெப்பமான நாளிலே கூடிய அமுக்கத்தைத் தரும். ஆகவே, “இந்த மருந்துக்கு இவ்வளவு” என்று கூறுதல் அரைகுறையான கூற்றாகும். “இந்தக் கோதிலே, இந்தக் குண்டை, இந்த ஆழத்திற் பொருத்தி, இந்தத் தீமூட்டியோடு, இந்த மருந்தை இவ்வளவு” என்று கூறினாலன்றி அது முழுமையடையாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மருந்தைப் பத்திலொரு பங்கு கூட்டினால் அமுக்கமும் பத்திலொரு பங்கே கூடும் என்று எண்ணுவது இயல்பு. மேற்கூறிய வட்டத்தினால் அமுக்கம் அதனினும் விரைந்தே உயரும். எல்லையை அணுகும்போது ஏற்றம் இன்னும் செங்குத்தாகும். குண்டின் வேகமோ அவ்வளவு கூடுவதில்லை. எனவே எல்லைக்கு அருகில் நிற்பவன் சிறிதளவு வேகத்தைப் பெறுதற்குப் பெருமளவு அமுக்கத்தை விலையாகக் கொடுக்கின்றான். அவ்விலை அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அளக்க முயன்றோர்

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றையும் கலந்து செய்த கருமருந்து பல நூற்றாண்டுகளாக வழங்கிவந்தது. அதன் வலியைக் கணக்கினால் ஆராயத் தொடங்கியவருள் முதன்மையானவர் ஆங்கிலேயரான பெஞ்சமின் றொபின்ஸ். 1742இல் வெளிவந்த அவருடைய நூல், கயிற்றில் தொங்கும் மரக்கட்டையிலே குண்டைச் செலுத்தி, கட்டை பின்வாங்கும் அளவினாற் குண்டின் வேகத்தைக் கணிக்கும் ஊசல் முறையை உலகுக்கு அறிவித்தது. 1745இல் அந்நூலைக் கணித மேதை ஒயிலர் யேர்மன் மொழியில் ஆக்கி விரிவுரையும் சேர்த்தார். றொபின்ஸ் பின்னர் கிழக்கிந்தியக் கொம்பனியின் பொறியியலராகத் தமிழ்நாட்டுக்கு வந்து, 1751இலே கடலூரை அடுத்த சென் டேவிட் கோட்டையிற் காய்ச்சலால் இறந்தார். வெடிமருந்தின் கணிதத்துக்குத் தந்தையெனத் தக்கவர் தமிழ்க் கரையில் உயிர்நீத்தார் என்பது பலர் அறியாத செய்தி.

றொபின்ஸ் அளந்தது குண்டின் வேகத்தை. குழலினுள்ளே எழும் அமுக்கத்தை நேரே அளக்கும் கருவி அக்காலத்தில் இருந்ததில்லை. அக்குறை எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதை 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் காட்டிற்று. பொற்றோமக் நதியிலே ‘பிறின்ஸ்டன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் விருந்தினர் பலர் கூடியிருந்தனர். ‘சமாதானம் செய்வோன்’ எனப் பொருள்படும் பெயர் பூண்ட பெரும் பீரங்கி அவர்கள் முன்னிலையில் வெடிக்கப்பட்டது. அன்று அதனை முன்னர் வெடித்தபோது ஒரு தீங்கும் நேரவில்லை. பின்னர் மீண்டும் வெடித்தபோது அது பிளந்து சிதறிற்று. வெளிநாட்டு அலுவல் செயலாளர் அப்ஷர், கடற்படைச் செயலாளர் கில்மர் ஆகியோர் உட்பட அறுவர் மாண்டனர். சனாதிபதி டைலர் கப்பலின் கீழ்த்தட்டில் இருந்தமையால் உயிர் தப்பினார். முன்னைய வெடி தீங்கின்றிச் சென்றமை, அடுத்த வெடியும் தீங்கின்றிச் செல்லும் என்பதற்குச் சான்றாகாது என்பதே அந்நிகழ்ச்சி கற்பித்த பாடம். உலோகம் தான் பட்ட வருத்தத்தை உள்ளே மறைத்துவைத்துக்கொள்ளும். மாட்டைப்போல் தயங்கிக் காட்டாது.

இதன்பின் அமெரிக்கப் படையதிகாரியான தோமஸ் றொட்மன் குழலினுள் எழும் அமுக்கத்தையே அளக்க முற்பட்டார். குழலின் சுவரிலே துளையிட்டு, அதிலே சிறு ஆடுதண்டொன்றைப் பொருத்தினார். வாயு தண்டைத் தள்ளும். தண்டின் முனையிலுள்ள கூரிய அலகு செப்புத் தகட்டிலே வெட்டொன்றைப் பதிக்கும். அவ்வெட்டின் நீளத்தைக் கொண்டு அமுக்கத்தைக் கணித்தார். 1861இல் அவருடைய ஆய்வுகள் நூலாக வெளிவந்தன.

மருந்து மணியின் பருமனுக்கும் அமுக்கத்துக்கும் உள்ள தொடர்பை அவ்வாய்வுகள் தெளிவாக்கின. மருந்து மேற்பரப்பிலேயே எரிகின்றது. ஓரங்குலப் பக்கமுடைய கனசதுரத்தின் மேற்பரப்பு ஆறு சதுர அங்குலம். அதனை எட்டுச் சிறு கனசதுரங்களாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு பன்னிரண்டு சதுர அங்குலமாகும். நிறை மாறவில்லை, எரியும் பரப்போ இருமடங்காயிற்று. ஒரே நிறையுள்ள இருவகை மருந்து இருவேறு அமுக்கங்களைத் தருதற்கு இது ஒரு காரணம்.

இங்கிலாந்திலே அன்டுறு நோபிள் என்பார் செப்புத் தகட்டுக்குப் பதிலாகச் சிறு செப்பு உருளையை வைத்து, அது நசுங்கும் அளவினால் அமுக்கத்தைக் கணிக்கும் முறையை வகுத்தார். அவரும் இரசாயன அறிஞர் ஏபெலும் 1875இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கருமருந்தின் நிறையிற் பாதிக்குமேல் வாயுவாகாது திண்மக் கழிவாகவே எஞ்சுகின்றது என்பதைக் காட்டிற்று. கருமருந்து வெடித்தபின் எழும் புகையும், குழலிற் படியும் கரியும் அக்கழிவே. செப்பு உருளை முறை நூறாண்டுக்கு மேல் வழங்கிற்று. இன்றோ நெருக்கினால் மின்னைத் தோற்றுவிக்கும் படிகங்கள் அவ்வேலையைச் செய்கின்றன. அவ்வியல்பை 1880இற் கண்டறிந்தோர் கியூரி சகோதரர். செப்பு ஒரேயொரு எண்ணைத் தரும். படிகமோ அமுக்கம் எழுந்து தாழும் கோட்டுருவம் முழுவதையும் தருகின்றது. இவ்விரு முறைகளாலும் பெற்ற எண்கள் ஒன்றாகா. ஒன்றின் எண்ணை மற்றதன் எண்ணாகக் கொள்ளுதல் பெருந்தவறு.

புதிய மருந்தும் பழைய பழக்கமும்

1846இல் சேன்பைன் என்னும் இரசாயனர் பஞ்சிலிருந்து வெடிபஞ்சை ஆக்கும் முறையை அறிவித்தார். அடுத்த ஆண்டே இங்கிலாந்தின் பாவர்ஷாம் நகரில் அதனைச் செய்த தொழிற்சாலை வெடித்து அழிந்தது. வலியில் மிகுந்த அப்பொருளைத் துப்பாக்கிக்கு இசையுமாறு அடக்கியவர் பிரான்சு நாட்டவரான போல் வியேய். 1884இலே அவர் அதனைச் செறிந்த கூழாக்கித் தகடுகளாக வடித்து, ஒழுங்காக எரியச் செய்தார். அமுக்கத்தோடு எரியும் விரைவு எவ்வாறு உயர்கின்றது என்னும் விதியையும் அவரே வகுத்தார். புகை மிகக் குறைந்தமையால் அது புகையில் மருந்து எனப் பெயர்பெற்றது. நிறைக்கு நிறை கருமருந்தைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு சத்தி உடையது அது.

இங்கேதான் பழக்கம் பகையாக மாறிற்று. கருமருந்தை நிறுத்து இடுவோர் சிலரே. பெரும்பாலோர் சிறு கிண்ணத்தால் முகந்தே இட்டனர். கருமருந்துக் கோதை நிரப்பி அதன்மேற் குண்டை வைப்பது வழக்கம். அதற்கேற்பவே கோதுகளின் கொள்ளளவும் அமைக்கப்பட்டிருந்தது. புகையில் மருந்து வந்தபின், பழைய கிண்ணத்தாலேயே முகத்தற்கு இசையுமாறு இலேசாகச் செய்த மருந்துகளும் விற்பனைக்கு வந்தன; செறிவான மருந்துகளும் வந்தன. இரண்டும் ஒரே கடையிலே விற்கப்பட்டன. செறிந்த மருந்தைப் பழைய கிண்ணத்தால் முகந்து இட்டவர் பலர் தம் துப்பாக்கிகளை இழந்தனர். சிலர் விரல்களையும் கண்களையும் இழந்தனர். கிண்ணம் மாறவில்லை, கை மாறவில்லை, முப்பதாண்டுப் பழக்கமும் மாறவில்லை. மருந்து ஒன்றே மாறிற்று.

அக்காலத்தின் எச்சம் இன்றும் உண்டு. ‘.38 ஸ்பெசல்’ எனப்படும் சுழல்துப்பாக்கித் தோட்டா, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலே கருமருந்தைக் கருதி அமைக்கப்பட்டது. அதனால் அதன் கோது பெரிது. இன்று அதில் இடும் விரைந்தெரியும் மருந்தோ கோதின் அடியிற் சிறிதளவே நிற்கும். நிரப்புவோன் கவனக்குறைவால் ஒரே கோதினுள் இருமுறை மருந்தை இட்டாலும் அது வழியாது. மேலே குண்டை வைத்தால் வெளித்தோற்றத்தில் மற்றைத் தோட்டாக்களுக்கும் அதற்கும் வேறுபாடு இராது. துப்பாக்கிகள் பிளத்தற்கு இவ்விரட்டை இடுகையே பெரிதும் காரணமாகக் கூறப்படுகின்றது. நிரம்பி வழிந்து நம்மைத் தடுத்த பழைய மருந்தின் காவல் புதிய மருந்துக்கு இல்லை. அக்காவலை மனிதனே ஏற்கவேண்டியவனாகின்றான்.

சுடுகலத்தின் எல்லை

மருந்தின் வலியை அளந்தறிதல் ஒருபாதி. சுடுகலம் எவ்வளவைத் தாங்கும் என்பதை அறிதல் மறுபாதி. இதற்கு ஐரோப்பியர் கண்ட வழி சோதனைச்சாலை. இலண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காம் நகரிலே 1813இற் சோதனைச்சாலை அமைந்தது. விற்பனைக்கு முன் ஒவ்வொரு சுடுகலத்தையும் வழக்கத்துக்கு மேற்பட்ட அமுக்கமுடைய தோட்டாவால் வெடித்துப் பார்த்து, பழுதில்லையாயின் முத்திரை இடுவர். 1914இல் தோன்றிய சர்வதேச ஆணைக்குழு கைத்துப்பாக்கிகளுக்குச் சோதனைத் தோட்டாவின் அமுக்கத்தை, அனுமதிக்கப்பட்ட உச்ச அமுக்கத்திலும் 30 சதவீதம் கூடியதாக விதித்துள்ளது. அந்த 30 சதவீதம் சுடுவோன் செலவிடுதற்கென ஒதுக்கிய கையிருப்பு அன்று. உலோகத்தின் குறை, மருந்தின் வேறுபாடு, காலத்தின் தேய்வு ஆகியவற்றுக்கு ஒதுக்கிய ஈடு. அதனைச் செலவிடுவோன் தன் காப்பையே செலவிடுகின்றான்.

அமெரிக்காவிலே 1926இல் உற்பத்தியாளர் கூடி அமைத்த நிறுவனம் ஒவ்வொரு தோட்டாவுக்கும் உச்ச அமுக்கத்தை வரையறுத்துள்ளது. சதுர அங்குலத்துக்கு ‘.45 கோல்ட்’ 14,000 இறாத்தல், ‘.38 ஸ்பெசல்’ 17,000 இறாத்தல், ‘.357 மக்னம்’ 35,000 இறாத்தல். 35,000 இறாத்தல் என்பது வளிமண்டல அமுக்கத்தைப்போல் ஏறத்தாழ 2,400 மடங்கு. இவற்றுள் ‘.38 ஸ்பெசல்’, ‘.357 மக்னம்’ இரண்டும் ஒரே விட்டமுடைய குண்டைச் செலுத்துவன; கோதின் பருமனும் ஒன்றே. அவ்வாறாயின் எல்லை இருமடங்கு வேறுபடுவானேன்? முன்னையதைச் சுடும் பழைய, மெலிந்த துப்பாக்கிகள் பல இன்னும் வழக்கில் உள்ளமையே காரணம். எல்லை வகுப்போர் வலிய துப்பாக்கியைக் கருதி வகுப்பதில்லை. அத்தோட்டா நுழையத்தக்க துப்பாக்கிகளுள் மெலிந்ததையும் கருதியே வகுக்கின்றனர்.

1935இல் ‘.357 மக்னம்’ வெளிவந்தபோது அதன் கோதை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டியே செய்தனர். மெலிந்த துப்பாக்கியின் அறையில் அது முழுதும் நுழையாது என்பதே அந்நீட்டத்தின் பொருள். அறியாதவனையும் காக்கும் நல்ல ஏற்பாடு அது. எனினும், தானே தோட்டா நிரப்புவோனை அது காப்பதில்லை. அவன் நீண்ட கோதுக்குரிய மருந்தைக் குறுங்கோதினுள் இட்டுவிட்டால், அத்தோட்டா மெலிந்த துப்பாக்கியிலும் தடையின்றி நுழையும். தொழிற்சாலை உருவத்தால் அமைத்த வேலியைக் கையால் நிரப்புவோன் தாண்டிவிடுகின்றான். அவனுக்கு எஞ்சிய வேலி அச்சிட்ட எண் ஒன்றே.

துப்பாக்கி வல்லுநராகப் புகழ்பெற்ற எல்மர் கீத் என்பாரின் வரலாறும் இங்கே பொருந்துவது. 1920களில் அவர் கனத்த தோட்டாவை இட்டுச் சுட்ட ‘.45 கோல்ட்’ சுழல்துப்பாக்கியின் உருளை உடைந்தது. பின்னர் அவர் ‘.44 ஸ்பெசல்’ தோட்டாவை நாடினார். ஒரே பருமனுள்ள உருளையிற் சிறு துளைகளைக் குடைந்தால் துளைகளுக்கிடையே நிற்கும் சுவர் தடிப்பாகும் என்பதே அதன் நியாயம். அவருடைய முயற்சிகளின் பயனாக 1955இல் ‘.44 மக்னம்’ தோன்றிற்று. வேகம் வேண்டியவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போகவில்லை. தாங்கும் சுவரையே மாற்றினார்.

அளவைத் தெரியும் முறை

மேற்கூறிய யாவற்றையும் மனத்திற் கொண்டால், பாதுகாப்பான அளவைத் தெரிதற்கு வல்லோர் வகுத்த விதிகளின் நியாயம் தானே விளங்கும். அவை வெறும் அச்சத்தாற் பிறந்தவை அல்ல.

முதல் விதி, மருந்து செய்வோரோ குண்டு செய்வோரோ கருவியால் அளந்து வெளியிட்ட அட்டவணையிலிருந்தே அளவை எடுத்தல். நண்பன் சொன்ன அளவு அவன் துப்பாக்கியில் நேர்ந்த நற்பேற்றைக் கூறுமேயன்றி அமுக்கத்தைக் கூறாது. இரண்டாவது, அட்டவணை கூறும் குண்டு, கோது, தீமூட்டி, தோட்டாவின் மொத்த நீளம் ஆகியவற்றை மாற்றாது கொள்ளுதல். ஒன்றை மாற்றினால் மீண்டும் கீழிருந்தே தொடங்கவேண்டும்.

மூன்றாவது, அட்டவணையின் தொடக்க அளவிலிருந்து சிறிது சிறிதாக ஏறுதல். தொடக்க அளவு தரப்படாதவிடத்து, உச்ச அளவிலிருந்து பத்திலொரு பங்கைக் குறைத்துத் தொடங்குதல் பெருவழக்கு. உச்சத்தைத் தொடுதல் கடமையன்று. இலக்குச் சுடுவோர் பலருக்கு மிகத் திருத்தமான தோட்டா உச்சத்துக்குக் கீழேயே அமைகின்றது. அதற்காக அட்டவணையின் தொடக்க அளவுக்கும் கீழே இறங்குதல் நன்றன்று. மருந்து மிகக் குறைந்தாற் குண்டு குழலின் நடுவிலே சிக்கி நிற்கும். அதனை அறியாது அடுத்த தோட்டாவைச் சுட்டாற் குழல் வீங்கும் அல்லது பிளக்கும். ஓசை மெலிந்து கேட்டவுடன் நிறுத்திக் குழலைப் பார்த்தல் வேண்டும் என்பது இதனால் எழுந்த விதி.

நான்காவது, முகந்து இடுவதாயினும் தராசினால் இடையிடையே சரிபார்த்தல். இத்தராசுகள் கிறெயினிற் பத்திலொரு பங்கையும், அஃதாவது 6.5 மில்லிகிராமையும் காட்டுவன. நிறை தெரிந்த படிக்கற்களால் தராசையே முதலிற் சோதித்தல் வேண்டும். பொய்த் தராசு தராசின்மையிலும் கொடிது. ஐந்தாவது, மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்தை வைத்தல். அதனை அதன் சொந்தக் கொள்கலத்திலேயே வைத்தல். பெயரழிந்த மருந்தைப் பயன்படுத்தாது அழித்தல். உருவத்தையும் நிறத்தையும் கண்டு மருந்தின் இனத்தை அறியவொண்ணாது. ஆறாவது, குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கோதினுள்ளும் வெளிச்சத்திற் பார்த்தல். இரட்டை இடுகையைப் பிடிக்கும் எளிய வழி இதுவே. இதற்கு வேண்டுவது விளக்கொளியும் கவனமுமே.

“சுட்டபின் கோதையும் தீமூட்டியையும் பார்த்து அமுக்கத்தை அறியலாகாதா?” என்று கேட்கலாம். தீமூட்டி தட்டையாதல், கோது அறையிற் சிக்குதல் என்பன மிகுந்த அமுக்கத்தின் அடையாளங்களே. எனினும் கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் எல்லை தாழ்ந்தது. பித்தளையோ அதற்கு மிக மேற்பட்ட அமுக்கத்திலேதான் அடையாளம் காட்டும். 17,000 இறாத்தலை எல்லையாகவுடைய தோட்டாவிலே அடையாளம் தோன்றுமுன் எல்லை நெடுந்தூரம் பின்னே போயிருக்கும். ஆகவே அடையாளம் உண்டாயின் நிறுத்தவேண்டும் என்பது மெய். அடையாளம் இல்லையாதலால் தீங்கில்லை என்பது மெய்யன்று. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்தல் தருக்கநூல் பயில்வோருக்கும் பயன்தரும்.

முடிவுரை

மருந்தின் பாதுகாப்பான அளவு மருந்திலே மாத்திரம் குடியிருப்பதன்று. கோது, குண்டு, தீமூட்டி, குழல், அறை ஆகிய யாவும் கூடிய கூட்டத்துக்கே அது உரியது. அக்கூட்டத்தின் எல்லையை ஐம்புலன்களால் அறிதல் இயலாது. உருக்கு எவ்வளவு நெருங்கி நின்றது என்பதைக் கை உணராது, காது பிரித்தறியாது. செப்புருளையும் படிகமும் உணர்ந்தன. உணர்ந்ததை எண்ணாக எழுதிவைத்தனர். அட்டவணையில் ஒரு வரியில் அடங்கிய அவ்வெண்ணின் பின்னே ஊசலாடிய மரக்கட்டையும், பொற்றோமக் நதியிற் சிதறிய பீரங்கியும், கிண்ணத்தை நம்பிக் கண்ணிழந்தோரும் நிற்கின்றனர்.

பிறர் அளந்த எண்ணை ஏற்பது அடிமைத்தனம் என்றும், தானே துணிந்து பார்ப்பதே அறிவு என்றும் இளைஞர் சிலர் எண்ணுவர். தானே பார்த்தல் நன்றே. ஆனால் பார்த்தற்குரிய கருவி கையில் இருத்தல் வேண்டும். கருவியின்றித் துணிதல் ஆராய்ச்சியன்று, சூதாட்டமேயாகும். சூதாடுவோன் தோற்பது தன் பொருளை மாத்திரமே. இச்சூதிலோ பக்கத்தே நிற்பவனும் பணயமாகின்றான். அச்சிட்ட எண்ணுக்குள் நின்று, அதனைப் பத்திலொரு கிறெயின் பிசகாது நிறுத்து இடுவோனே இத்துறையில் உண்மையான அறிவியல் மாணவன் எனத் தக்கவன்.